தொக்கணம் என்னும் கைம்மருத்துவம்

உடல் வலிக்கு நம் பக்கத்துத் தமிழில் எத்தனை வினைச்சொற்கள் வழங்குகின்றன என்பதை எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். கால் அசந்தால் அமுக்கிவிடுவார்கள். சுளுக்குப் பிடித்தால் வழித்துவிடுவார்கள். வயிறு உப்பினால் நீவிவிடுவார்கள். கை மரத்துப் போனால் உருவிவிடுவார்கள். முதுகு கடுத்தால் பேரப்பிள்ளையை மேலே ஏற்றி மிதித்துவிடச் சொல்வார்கள். சுளுக்கை அமுக்கிவிடு என்றோ, வயிற்றை மிதித்துவிடு என்றோ எந்தப் பாட்டியும் சொன்னதில்லை. எந்த இடத்திற்கு எந்தக் கைவேலை என்ற அறிவு அந்தச் சொற்களிலேயே அடங்கியிருக்கிறது. இன்று இவை எல்லாவற்றிற்கும் சேர்த்து ‘மசாஜ்’ என்ற ஒரே சொல்லைச் சொல்லிவிடுகிறோம்.

சித்த மருத்துவம் இதற்குத் தொக்கணம் என்று பெயரிட்டிருக்கிறது. உள்மருந்து 32, வெளிமருந்து 32 என்று பகுக்கும் அம்மருத்துவத்தில் தொக்கணம் வெளிமருந்துகளுள் ஒன்று. அதனை ஒன்பது வகையாகப் பிரிப்பர்: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் யோகான் மெட்ஸ்கர் என்ற டச்சு மருத்துவர் மசாஜ் முறைகளை வகைப்படுத்தியபோது தடவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல் என்றே பிரித்தார். கடல் கடந்த இரு மரபுகள் ஏறக்குறைய ஒரே கைவேலைகளைக் கண்டறிந்திருப்பதில் வியப்பில்லை. மனிதக் கை ஒன்றுதான், மனிதத் தசையும் ஒன்றுதான். ஆனால் மல்லாத்துதல், அசைத்தல் போன்றவற்றை நம்மவர் சேர்த்திருப்பதை நோக்க வேண்டும். தசையோடு நில்லாமல் மூட்டையும் கணக்கில் எடுத்துக்கொண்டது நம் மரபு.

சங்கரன்கோவிலில் இருந்துகொண்டு இப்பொருளை எழுதுவதற்குக் காரணம் உண்டு. இது நெசவு ஊர். விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்பவர் உட்காருவது அரிது. பல தறிகளுக்கு இடையே நடந்துகொண்டும் நின்றுகொண்டும், அறுந்த இழையைக் குனிந்து பிணைத்துக்கொண்டும், தார் மாற்றிக்கொண்டும் பொழுது போகிறது. கைத்தறிக் காலத்தில் குழியில் உட்கார்ந்து மிதித்ததால் இடுப்பும் முழங்காலும் நொந்தன. விசைத்தறி வந்தபின் நின்று நின்று கெண்டைக்காலும் குதிகாலும் நோகின்றன. வலி போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. ஆடித்தபசுக் காலத்தில் நேர்ந்துகொண்டு கோயிலை நூற்றுக்கு மேற்பட்ட முறை சுற்றிவரும் ஆடிச்சுற்றுக்காரர்களின் கால்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அந்நாட்களில் இவ்வூரில் தைலம் விற்காத கடை இல்லை எனலாம்.

அப்படியானால் கால் அமுக்கும்போது உண்மையில் உடலுக்குள் என்ன நிகழ்கிறது? இதற்கு எல்லோரிடமும் ஆயத்தமாக இரண்டு விடைகள் இருக்கின்றன. “இரத்த ஓட்டம் கூடும்” என்பது ஒன்று. “தசையில் தேங்கிய லாக்டிக் அமிலம் கரையும்” என்பது மற்றொன்று. பாடநூல்களிலும் இவை இடம்பெற்றுவிட்டன. இரண்டையும் சோதித்துப் பார்த்தவர்கள் கூறுவது வேறு.

முதலில் லாக்டிக் அமிலத்தை எடுத்துக்கொள்வோம். கடும் உழைப்பின்போது தசையில் உண்டாகும் இப்பொருளை, உழைப்பு நின்ற ஒரு மணி நேர அளவில் உடலே அகற்றிவிடுகிறது. இதயமும் கல்லீரலும் அதனை எரிபொருளாகவே எடுத்துக்கொள்கின்றன. மறுநாளும் அதற்கு மறுநாளும் வலிப்பது, தசை இழைகளில் ஏற்பட்ட நுண்ணிய சிதைவினாலும் அதனைத் தொடரும் அழற்சியினாலுமே. இன்று நின்ற காலை நாளை அமுக்கும்போது அங்கே கரைப்பதற்கு அமிலம் எதுவும் மிச்சமில்லை. நம் பேராசிரியப் பெருமக்கள் தாங்கள் பயின்ற காலத்தில் தவளையின் கெண்டைக்கால் தசையைச் சோர்வடையும் வரை துடிக்கவைத்து, புகைபடிந்த உருளையில் கோடு வரைந்திருப்பார்கள். அந்தச் சோர்வும் நம் மறுநாள் வலியும் வேறு வேறு என்பதை அவர்கள் எளிதில் ஒப்புக்கொள்வார்கள்.

அடுத்தது இரத்த ஓட்டம். தேய்க்கும் இடம் சிவப்பதை நாமே காண்கிறோம். தோலின் மேற்பரப்பு நுண்குழாய்கள் விரிகின்றன என்பது மெய்தான். ஆனால் 1995இல் கனடாவில் தொடைத் தமனியின் ஓட்டத்தை ஒலியலைக் கருவியால் அளந்தபடியே மசாஜ் செய்து பார்த்தபோது, தசைக்குச் செல்லும் இரத்தத்தின் அளவு குறிப்பிடத்தக்கவாறு மாறவில்லை. காலை இலேசாக மடக்கி நீட்டிய உடனேயோ ஓட்டம் பெருகியது. ஆக, இரத்தத்தைத் தசைக்குக் கொண்டுவரும் வேலையில் பிறர் கையைக் காட்டிலும் நம் சொந்தக் காலின் அசைவே வல்லது.

இதனால் மசாஜ் வீண் என்று முடிவு கட்டிவிடலாகாது. 2012இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் செய்த சோதனை இத்துறையில் பெரிதும் பேசப்பட்டது. 11 இளைஞர்களை ஓய்ந்து போகும் வரை சைக்கிள் மிதிக்கச் செய்து, ஒரு காலுக்கு மட்டும் 10 நிமிடம் மசாஜ் செய்தார்கள். உடனேயும் இரண்டரை மணி நேரம் கழித்தும் இரு தொடைகளிலிருந்தும் தசைத் துணுக்குகளை எடுத்து ஆராய்ந்தார்கள். அதே ஆளின் இரு கால்கள். ஒன்று பிடிக்கப்பட்டது, மற்றது பிடிக்கப்படாதது. இதைவிடச் செம்மையான ஒப்பீடு கிடைப்பதரிது. லாக்டிக் அமிலத்தின் அளவில் இரண்டிற்கும் வேறுபாடில்லை. ஆனால் பிடிக்கப்பட்ட தசையில் அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்கள் குறைந்திருந்தன. உயிரணுவின் ஆற்றல் நிலையமாகிய மைட்டோகாண்டிரியாவைப் பெருக்கும் சைகை கூடியிருந்தது. தசையணு தன்மீது விழும் அழுத்தத்தை உணர்ந்து, அதனை வேதிச் செய்தியாக மாற்றிக்கொள்கிறது என்பது இதன் பொருள். 11 பேர் என்பது சிறு எண்ணிக்கையே. இதனை வைத்துக்கொண்டு மாளிகை கட்டுவதற்கில்லை. எனினும் ‘அமுக்கினால் ஏதோ நடக்கிறது’ என்ற நெடுநாளைய நம்பிக்கைக்கு உயிரணு அளவில் கிடைத்த சான்று இது.

வலி தணிவதற்கு இன்னொரு வழியும் உண்டு. அது தசையில் இல்லை, தண்டுவடத்தில் இருக்கிறது. நிலைப்படியில் கால்விரலை இடித்துக்கொண்டால் நம்மையறியாமலேயே அங்கே கையை வைத்துத் தேய்க்கிறோம். தேய்த்தால் ஏன் குறைகிறது? 1965இல் மெல்சாக், வால் என்ற இரு அறிஞர்கள் வாயிற் கோட்பாடு என்ற ஒன்றை வெளியிட்டார்கள். தொடுகையைக் கொண்டுசெல்லும் நரம்பிழைகள் தடித்தவை, விரைவானவை. வலியைக் கொண்டுசெல்பவை மெல்லியவை, மெதுவானவை. இரண்டும் தண்டுவடத்தில் சந்திக்கும் இடத்தில் ஒரு வாயில் இருப்பதாகக் கொள்ளலாம். தொடுகைச் செய்தி மிகுதியாக வந்தால் வாயில் ஒடுங்கி, வலிச் செய்தி மூளைக்குச் செல்வது குறைகிறது. கோயில் வாசலில் கூட்டம் நெருக்கும்போது பின்னால் வருபவர் உள்ளே நுழைய முடியாமல் தவிப்பதைத் தபசு நாளில் பார்த்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. இக்கோட்பாடு பின்னர்ப் பல திருத்தங்களுக்கு உள்ளாயிற்று. அடிப்படை இன்றும் நிற்கிறது.

தைலத்தின் செயலும் இதனோடு சேர்ந்ததே. கற்பூராதி தைலமும் கடைகளில் விற்கும் பச்சை, மஞ்சள் களிம்புகளும் எலும்பு வரை இறங்கி வலியை எடுத்துவிடுவதாக எண்ணுகிறோம். அவை முதன்மையாகத் தோலிலேயே வேலை செய்கின்றன. மிளகாயின் காரத்தை நரம்பு ‘சூடு’ என்றும், புதினாச் சத்தைக் ‘குளிர்’ என்றும் உணர்வதற்குத் தனித்தனி ஏற்பிகள் இருக்கின்றன. இவற்றைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், அழுத்தத்தை உணரும் ஏற்பியைக் கண்டறிந்த ஆர்டெம் படபூட்டியன் ஆகிய இருவருக்கும் 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. தைலம் பூசி அழுத்தித் தேய்க்கும் நம் ஊர்க் கிழவி, அந்த ஏற்பிகள் அனைத்தையும் ஒரே நேரத்தில் தட்டி எழுப்புகிறாள். அவளுக்குப் பரிசு என்னவோ ஒரு கொட்டைப் பாக்கும் நாலு வெற்றிலையும்தான்.

அந்தக் கிழவியைப் பற்றி இன்னும் சிறிது சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் எலும்பு கட்டுதல், சுளுக்கு வழித்தல், பிரசவம் பார்த்தல் ஆகியவற்றைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்கள் முடிதிருத்தும் சமுதாயத்தாரே. ஆண்களை மருத்துவர் என்றும் பெண்களை மருத்துவச்சி என்றும் ஊர் அழைத்தது. கூலி களத்து நெல்லாக வந்தது. மரியாதையோ வந்ததாகத் தெரியவில்லை. பிள்ளையைக் கையில் ஏந்தி எடுத்தவளைத் திண்ணையோடு நிறுத்தினார்கள். உடம்பைத் தொட அவள் கை வேண்டும், அடுக்களையைத் தொட அவள் கை ஆகாது என்ற முரண்பாட்டை ஒருவரும் கேட்கவில்லை. இன்று அக்குடும்பங்களில் பிறந்த பிள்ளைகள் அத்தொழிலை விட்டு விலகுவதைக் குறை கூறுவோர் இதனையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தில் நடந்ததை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கேயும் 1894இல் மசாஜ் தொழிலுக்குக் கெட்ட பெயர் வந்தது. மசாஜ் நிலையம் என்ற பெயரில் தகாதவை நடப்பதாகப் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் எழுதிற்று. இன்று நம் நகரங்களில் ‘மசாஜ் நிலையம்’ என்ற பலகையைக் கண்டால் நம்மவர் உதட்டில் வரும் சிரிப்பு அன்று இலண்டனிலும் இருந்தது. அதற்காக அத்தொழிலை அவர்கள் கைவிட்டுவிடவில்லை. நான்கு செவிலியர்கள் கூடிப் பயிற்சி பெற்ற மசாஜ் பெண்களுக்கென்று அதே ஆண்டில் ஒரு சங்கம் அமைத்தார்கள். பாடத்திட்டமும் தேர்வும் ஒழுக்க விதிகளும் வகுத்தார்கள். 1920இல் அதற்கு அரசப் பட்டயம் கிடைத்தது. அச்சங்கமே 1944இல் பெயர் மாறி இன்றைய இயன்முறை மருத்துவர்களின் சங்கமாக விளங்குகிறது. இன்று மருத்துவமனையில் வெள்ளைச் சட்டையோடு நிற்கும் பிசியோதெரபிஸ்டின் முன்னோர் கால் பிடித்துவிட்ட அந்தப் பெண்களே. ஜப்பானில் பதினேழாம் நூற்றாண்டிலேயே சுகியாமா வாயிச்சி என்ற கண்பார்வையற்ற மருத்துவர், பார்வையற்றோருக்கு மசாஜும் ஊசி மருத்துவமும் கற்பிக்கும் பள்ளிகளை ஏற்படுத்தினார். அங்கு அது அவர்களுக்குரிய மதிப்பான தொழிலாயிற்று. நம்மிடம் கலை இருந்தது. சங்கமும் பள்ளியும் இல்லை.

முற்றிலும் இல்லை என்று சொல்வதும் பொருந்தாது. பாளையங்கோட்டையில் 1964இல் தொடங்கப்பட்ட அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் தொக்கணம் பாடமாகவும் சிகிச்சையாகவும் இருக்கிறது. பக்கவாதத்தால் கை கால் விழுந்தவர்களும், இடுப்பு வலி, கழுத்து வலிக்காரர்களும் தென்மாவட்டங்களிலிருந்து அங்கே வருகிறார்கள். உளுந்துத் தைலம், வாதகேசரித் தைலம் போன்றவற்றை இளஞ்சூட்டில் தடவி, நோய்க்குத் தக்கபடி முன்கூறிய கைவேலைகளைச் செய்கிறார்கள். இடுப்பு வலியைப் பொறுத்த வரையில் உலகளாவிய சோதனைகள் என்ன கூறுகின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2015இல் 25 சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தவர்கள், மசாஜினால் குறுகிய காலத்திற்கு வலி குறைவதாகவும், நெடுநாள் பயனுக்குச் சான்று வலுவில்லை என்றும் முடிவு கூறினார்கள். என் கருத்தில் இது சிறிய பயன் அன்று. வலி குறையும் அந்தச் சில நாட்களில்தான் நோயாளி எழுந்து நடக்கவும் உடற்பயிற்சி செய்யவும் துணிவு கொள்கிறான். அந்த வாய்ப்பைப் பயன்படுத்தாமல் மீண்டும் மீண்டும் தைலத்தையே நாடுபவனுக்குத் தைலம் மட்டும் தீரும், வலி தீராது.

குற்றாலத்தைச் சொல்லாமல் விட்டால் நெல்லைச் சீமைக்காரர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். சாரல் தொடங்கியதும் பேரருவிக்குச் செல்லும் வழியில் எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்கும் தொழிலாளர்களைக் காணாதவர் இரார். தலையில் தட்டி, தோளைப் பிசைந்து, முதுகில் இரு கைகளையும் கோத்து ஓசை எழக் குத்தி, அரை மணிக்குள் ஆளை அருவிக்கு அனுப்பிவிடுகிறார்கள். பிறகு அருவி தன் பங்கைச் செய்கிறது. நீரே ஓயாது தட்டும் கையாகிவிடுகிறது. ஒன்பதில் முதலாவதாகிய தட்டல் இதுதான். பேரருவி மலையுச்சியிலிருந்து நேரே தலையில் விழுந்தால் தாங்க முடியாது. நடுவிலுள்ள பொங்குமாங்கடல் என்ற ஆழ்ந்த பள்ளத்தில் விழுந்து பொங்கி வழிவதால் வேகம் தணிகிறது. இயற்கை வகுத்த மருத்துவ அளவு என்று இதனைச் சொல்லத் தோன்றுகிறது.

இனிக் குழந்தைகளிடம் வருவோம். இக்கட்டுரையை எழுதத் தூண்டியதே இப்பகுதிதான்.

மயிர் முளைக்கும் தோலில், மெதுவான வருடலுக்கு மட்டும் விடையளிக்கும் தனி நரம்பிழைகள் இருப்பதை ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். வினாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில், உடற்சூட்டில் உள்ள கை தடவும்போது அவை மிகுதியாகச் செயல்படுகின்றன. ஒரு தாய் பிள்ளையை யாரும் சொல்லித் தராமல் தடவிக் கொடுக்கும் வேகம் இதுவே. 1986இல் அமெரிக்காவின் மயாமியில் டிஃபனி ஃபீல்டு என்ற உளவியலறிஞரும் குழுவினரும், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு மூன்று முறை, முறைக்கு 15 நிமிடம் வீதம் 10 நாட்கள் தடவியும் கைகால்களை மடக்கி நீட்டியும் வந்தார்கள். அதே அளவு பால் குடித்த மற்றக் குழந்தைகளைவிட இவை நாள்தோறும் 47 விழுக்காடு கூடுதலாக எடை ஏறின. மருத்துவமனையை விட்டு 6 நாட்கள் முன்னதாகவே வீட்டுக்குப் போயின. மசாஜ் பற்றிய ஆய்வுகளில் என்னை மிகவும் கவர்ந்தது இதுவே. நம் வீட்டுப் பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து, கணுக்கால்களின் மேல் பேரனைக் கிடத்தி, தேங்காயெண்ணெய் தடவி, கையையும் காலையும் குறுக்கே மடக்கி எடுப்பது ஏறக்குறைய இதே பயிற்சி அல்லவா?

ஆனால் அந்தப் பாட்டியே குளிப்பாட்டி முடித்தபின் மூக்கிலும் காதிலும் சொட்டு எண்ணெய் விடுகிறாள்; தொண்டைக்குள் விரலை விட்டுச் சளி எடுக்கிறாள். இது பெருந்தீங்கு. மூக்கில் விட்ட எண்ணெய் இருமலைத் தூண்டாமலேயே நுரையீரலுக்குள் இறங்கிவிடுகிறது. அங்கே அதனைக் கரைக்க வழியில்லை; எண்ணெய் நிமோனியா என்ற நோய் உண்டாகிறது. தென்னிந்தியக் குழந்தை மருத்துவர்கள் இதனைப் பல்லாண்டுகளாக எழுதியும் சொல்லியும் வருகிறார்கள். தோலின் மேல் எண்ணெய் மருந்து. மூக்கினுள் அதே எண்ணெய் நஞ்சு.

உரம் விழுந்தது என்று சேலையில் பச்சைக் குழந்தையைப் போட்டு இருபுறமும் பிடித்து உருட்டுவதும் இத்தகையதே. தலை நிற்காத கழுத்துக்கு அந்த உருட்டல் ஆகாது. அடுத்தது குடல் தட்டுதல். விட்டு விட்டு வீறிட்டு அழுது, வாந்தியெடுத்து, இரத்தமும் சளியும் கலந்து கழியும் குழந்தைக்குக் குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டிருக்கலாம். மருத்துவமனையில் காலத்தில் காட்டினால் பெரும்பாலும் கத்தி வைக்காமலே சரிசெய்துவிடுவார்கள். வயிற்றை நீவிக்கொண்டே ஒரு நாளைக் கழித்துவிட்டால் செருகிய குடல் அழுகிவிடும்.

பெரியவர்களுக்கும் இதுபோல் உண்டு. இடது பக்க நெஞ்சோ நடு நெஞ்சோ இறுக்கி, வியர்த்து, வலி தோளுக்கும் தாடைக்கும் ஏறினால் “வாய்வு பிடித்திருக்கிறது, தைலம் தேய்” என்பதுதான் நம் வீடுகளில் முதல் பேச்சு. மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறது. தேய்க்கும் நேரம் சிகிச்சையிலிருந்து கழியும் நேரம். அறுவை சிகிச்சைக்குப் பின்போ நெடுநாள் படுக்கைக்குப் பின்போ ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்கால் வலித்தால் அதை அமுக்கவே கூடாது. உள்சிரையில் உறைந்த இரத்தக் கட்டியாக அது இருக்கலாம். பிசைந்தால் கட்டி நகர்ந்து நுரையீரலில் போய் அடைத்துக்கொள்ளும்; சில நொடிகளில் உயிர் போவதும் உண்டு. நீரிழிவுக்காரரின் உணர்ச்சியற்ற பாதத்தைச் சுடுதைலம் கொண்டு தேய்ப்பதும், எலும்பு முறிந்த இடத்தைச் சுளுக்கென்று வழிப்பதும் கூடாதவை. பழைய ஆசான்கள் ‘இவனைத் தொடாதே’ என்றும் சேர்த்தே கற்பித்தார்கள். வர்மக் கலையில் 108 இடங்களையும் அறிந்த பிறகே மாணவன் கையை வைக்க விடுவது வழக்கம்.

மற்றபடி, தறிக்கூடத்தில் நாள் முழுதும் நின்று வரும் தந்தைக்கோ தமையனுக்கோ நாமே வீட்டில் செய்யக்கூடியது எளிது. அவரைப் படுக்கவைத்துக் கால்களைத் தலையணை மேல் உயர்த்திவையுங்கள். நின்றுகொண்டே இருக்கும்போது சிரையிரத்தமும் நிணநீரும் கீழே தேங்குகின்றன. கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்தால்தான் அவை மேலேறும். ஆதலால் முதலில் அவரையே பாதத்தை முன்னும் பின்னும் இருபது முறை அசைக்கச் சொல்லுங்கள். பிறகு சிறிது நல்லெண்ணெய் தொட்டு, கணுக்காலிலிருந்து முழங்காலை நோக்கி, கீழிருந்து மேலாகவே நீவுங்கள். மேலிருந்து கீழே அழுத்தி இழுக்க வேண்டாம். அடுத்துக் கெண்டைக்காலை இரு கைகளாலும் பிடித்து மெல்லப் பிசையுங்கள். உள்ளங்காலைக் கட்டைவிரலால் அழுத்திவிடுங்கள். ஒரு காலுக்குப் பத்து நிமிடம் போதும். நரம்பு சுருண்டு புடைத்திருந்தால் அவ்விடத்தை அழுத்தாமல் விலகிச் செல்லுங்கள். முழங்காலுக்குப் பின்னுள்ள குழியையும் அப்படியே விட்டுவிடுங்கள். அங்கே பெரிய இரத்தக் குழாய்களும் நரம்பும் தசையின் காப்பு இல்லாமல் ஓடுகின்றன.